இரண்டு வரிகளும் ஒரு மஞ்சள் சீட்டும்

1

இந்தக் கதை எனக்கு உதித்ததல்ல. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரவல் வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கொடுக்க என் அக்கா வந்தாள். ஏணியைச் சுவரில் சாய்த்தாள். ஆனால் போகவில்லை. அதன் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"டேய், ஒருத்தர் செஞ்ச வேலையை நான் தொலைச்சிட்டேன். அவர் என்னடான்னா தனக்கு மறதி வந்துடுச்சுன்னு டாக்டரைப் பார்க்கப் போறார்" என்றாள்.

வாராவாரம் தொடர்கதை எழுதிப் பிழைப்பவனிடம் இப்படியொரு வாக்கியத்தைச் சொல்லக் கூடாது. ஆறுதல் சொல்வதற்கு முன்பே என் மனம் தலைப்புத் தேடக் கிளம்பிவிட்டது. அவள் போன கையோடு உட்கார்ந்து எழுதினேன்:

"திரை முழுவதும் சிவப்பு. அவள் விரல்கள் நடுங்கின. அந்த ஒரு பொத்தானை அழுத்திவிட்டால்..."

அக்காவிடம் படித்துக் காட்டினேன். திரை சிவப்பாகவெல்லாம் ஆகாதாம். விரலும் நடுங்கவில்லையாம். அந்த நேரத்தில் வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாளாம். சரி, வேறு மாதிரி தொடங்கலாம் என்று,

"மனித நாகரிகத்தில் ஆவணங்களின் பங்கு"

என்று ஆரம்பித்தேன். வாக்கியம் முடிவதற்குள் எனக்கே கொட்டாவி வந்தது. இரண்டையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

2

அக்கா ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அங்கே பதினொரு பேர் ஒரே நிரலை எழுதுகிறார்கள். ஒரே நோட்டில் பதினொரு பேனா ஓட முடியாது என்பதால் ஆளுக்கொரு பிரதி. அதற்குக் கிளை என்று பெயர். எழுதி முடித்த கிளைகளை மூலப் பிரதியோடு இணைப்பது அக்காவின் பொறுப்பு. பெரும்பாலும் அதற்கென்று உள்ள மென்பொருள் கருவியே இணைத்துவிடும். இரண்டு பேர் ஒரே இடத்தை வேறு வேறு விதமாக மாற்றியிருந்தால் மட்டும் அது கையை விரித்துவிடும். இருவர் எழுதியதையும் மேலும் கீழுமாக வைத்து, நடுவில் ஒரு கோடு கிழித்து, நீயே முடிவு செய்துகொள் என்று நின்றுவிடும். சம்பந்தி வீட்டு வழக்கைத் தீர்த்து வைப்பவள் மாதிரி அக்கா உள்ளே புக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. யார், எந்தத் தேதியில், எந்த வரியைத் தொட்டார்கள் என்பதை அந்தக் கருவி மறப்பதே இல்லை. ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் கைரேகையைச் சுமந்துகொண்டிருக்கும். நடுவில் ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னால் வந்த எல்லாக் கைரேகைகளும் மாறிவிடும். பதினொரு பேருடைய பிரதியும் ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும்.*

(* என் தொழிலில் இந்தத் தொந்தரவு இல்லை. பழைய தொடர் ஒன்றில் ஒன்பதாவது வாரம் மாடிப்படி ஏறிப்போன அத்தை இன்றுவரை இறங்கவில்லை. ஒரே ஒரு வாசகி மட்டும் கடிதம் போட்டு விசாரித்தார்.)

3

(இந்தப் பகுதியில் அக்காவின் கண்களை வர்ணித்திருந்தேன். நீக்கச் சொல்லிவிட்டாள். நீக்கியது தெரியட்டும் என்று எண்ணை மட்டும் விட்டிருக்கிறேன்.)

4

இனி அவரைப் பற்றி. அலுவலகத்தில் அவருக்குச் 'சீட்டு சார்' என்று பெயர். ஐம்பத்திரண்டு வயது. எல்லாம் மறந்துபோன அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக ஆறு வருடம் வேலையை விட்டிருந்தவர். கடைசி இரண்டு வருடம் அந்த அப்பா மகனை 'தபால்காரரே' என்றுதான் கூப்பிட்டாராம். அப்பா போன பிறகு வேலைக்குத் திரும்பினார்.

முதல் வரைவில் இவரைச் சோம்பேறியாக எழுதினேன். அப்போதுதான் அக்கா மேல் பழி குறையும். இரண்டாவது வரைவில் மகானாக்கினேன். அக்கா சிரித்துவிட்டாள். ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்று தினமும் சண்டை போடுபவராம். தன் சார்ஜரை யாருக்கும் தரமாட்டாராம். ஆனால் வேலை சுத்தம்.

அவருக்கு வந்த வேலை இது. ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் முடிவுகளைக் கைபேசிக்கு அனுப்பும். கணவனும் மனைவியும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தால், இருவருடைய முடிவும் முதலில் பதிந்தவர் பெயரிலேயே போனது. அதைத் திருத்த இரண்டே இரண்டு வரிகள் போதும். சார் எழுதினார், முடிந்தது என்று சொன்னார். (அது ரத்தப் பரிசோதனைக் கூடம் அல்ல. ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்று மாற்றியிருக்கிறேன். இரண்டு வரி என்பது மட்டும் நிஜம்.)

அதே கோப்பை இன்னொருவரும் தலைகீழாக மாற்றி எழுதியிருந்தார். இணைக்கும்போது பதினான்கு இடத்தில் மோதல். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப் பொறுமையில்லாமல், அந்த இன்னொருவருடைய கோப்பை அக்கா அப்படியே எடுத்துக்கொண்டாள். சாருடைய இரண்டு வரியைக் கடைசியில் கையால் சேர்த்துவிடலாம் என்று நினைத்தாள். அப்போது பள்ளியிலிருந்து போன் வந்தது. ஓட்டப் பந்தயத்தில் மகளுக்குக் கால் பிசகிவிட்டது. பேசி முடித்து வந்தவள், வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்தாள், இணைப்பை முடித்தாள். முடிந்த கிளையை அழித்துவிடுவது அந்த அலுவலக வழக்கம். அதையும் செய்தாள்.

மூன்று வாரம் கழித்து, சர்க்கரையே இல்லாத ஒரு அம்மாளுக்கு அவர் கணவருடைய சர்க்கரை அளவு போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் ஒரு வாரம் வாயைக் கட்டிக் கிடந்தார். கணவர் எதிரில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சாப்பிட்டார். புகார் வந்தது, கூட்டம் கூடியது.

மேலாளர் அந்தக் கோப்பின் வரலாற்றைப் பெரிய திரையில் திறந்தார். சார் பெயர் எங்குமே இல்லை.

"செஞ்சேங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் சார். திரையை இன்னொரு தடவை பார்த்தார். "இல்ல போல" என்றார்.

மேலாளர் கெட்டவரில்லை. எல்லாருக்கும் நடப்பதுதான் என்று தோளைத் தட்டினார். யாரும் திட்டவில்லை, வேலைக்கும் ஆபத்தில்லை. மறுநாள் சார் அந்த இரண்டு வரியை எழுதிக் கொடுத்தார். அக்கா கவனமாகச் சேர்த்தாள். ஊரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

அன்றிலிருந்துதான் சீட்டுகள். உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் சீட்டு. செய்ததையெல்லாம் எழுதி, திரையின் ஓரத்தில் ஒட்ட ஆரம்பித்தார். முதலில் அலுவலக வேலை மட்டும். பிறகு, 'கதவைப் பூட்டினேன், 8.10' என்று ஒன்று. 'மாத்திரை போட்டாச்சு' என்று ஒன்று.

'சீட்டு சார்' என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டேன். அக்கா ஏணிப்படியைப் பார்த்தாள்.

"தமாஷுக்குத்தான்டா வச்சேன்."

5

வேறொரு இணைப்புச் சிக்கலைத் துருவிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா கண்ணில் அது பட்டது. ஒரு கோப்பின் வரலாற்றைக் கேட்டால் கருவி சுருக்கித்தான் காட்டும். இன்றைய கோப்பில் தடம் விடாமல் போன கிளையைத் தள்ளிவிடும். கிளையை அழித்தாலும் அதன் பதிவுகள் உள்ளேயே இருக்கும்; முழு வரலாறும் வேண்டும் என்று தனியாகக் கேட்டால்தான் அதைக் காட்டும். கூட்டத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. சாரும் அன்று மாலை அதே கோப்பை அதே வழியில்தான் பார்த்தார். கண்ணால் பார்த்த பிறகு வேறு பக்கம் தேட அவருக்குத் தோன்றவில்லை.

அக்கா முழுதாகக் கேட்டாள். சார் எழுதிய இரண்டு வரிகள் பெயரோடு, தேதியோடு அங்கே இருந்தன. அடுத்த பதிவு அக்காவுடைய இணைப்பு.

"ரெண்டாவது தடவை எழுதினார்ல, அதையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஒரு எழுத்து மாறலடா. அதே ரெண்டு வரி, அதே வரிசை. அவர் மண்டை மணி மாதிரி வேலை செய்யுது. மறதி வந்தவருக்கு இது வருமா?"

அதன் பிறகு என்ன நடந்தது என்பதில் எனக்கும் அக்காவுக்கும் ஒத்துப்போகவில்லை. என் வரைவை வாங்கி, அவள் பங்கை அவளே தட்டச்சு செய்துவிட்டாள். அவர்கள் கருவி காட்டும் விதத்திலேயே தருகிறேன்:

<<<<<<< என் பிரதி
அடுத்த நொடியே எழுந்தாள். நேராக அவர் மேசைக்குப் போனாள். "சார், தப்பு என்னுது" என்றாள்.
=======
திரையை மூடினேன். தண்ணீர் பிடிக்கப் போனேன். அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். "என்னம்மா, வெளியில வெயில் எப்படி?" என்று கேட்டார். "கொளுத்துது சார்" என்றேன். பன்னிரண்டு நாள் இப்படியே போனது.
>>>>>>> அக்காவின் பிரதி

நான் கெஞ்சிப் பார்த்தேன். பன்னிரண்டு நாள் வாய் திறக்காத கதாநாயகி மேல் வாசகர்களுக்கு எப்படி இரக்கம் வரும்? ஒரு நாள் என்று குறைத்துக்கொள்ளலாம், காய்ச்சலில் படுத்துவிட்டாள் என்று எழுதலாம் என்றேன்.

"அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் சீட்டு எழுதிட்டு இருந்தார்டா. அதை நீ எங்க கொண்டுபோய் வைப்ப?"

என் பிரதியை விட்டுவிட்டேன். அவளுடையதுதான் கதை.

6

முடிவு வேண்டுமே. மூன்று எழுதினேன்.

முதலாவது: அக்கா அந்தப் பதிவை அழிக்கிறாள். மூலப் பிரதியின் சாவி அவளிடம்தான் இருக்கிறது. ஒரு மதிய இடைவேளை முழுக்க அவள் இதை யோசித்ததும் உண்மை. கைரேகை, பதினொரு பிரதி எல்லாம் நினைவுக்கு வந்து விட்டுவிட்டாள் என்றுதான் எழுதியிருந்தேன். அது இல்லையாம். "அழிக்கவே வேண்டாம்டா. சும்மா இருந்தாலே போதும். யாரும் கேட்கப்போறதில்ல. அதுதான் பயமா இருந்துச்சு" என்றாள்.

இரண்டாவது: கூட்டத்தில் அக்கா எழுந்து உண்மையைச் சொல்கிறாள். பத்துப் பேர் கைதட்டுகிறார்கள். மேலாளர் கண்ணைத் துடைத்துக்

(இதற்கு மேல் எழுதக் கூசியது.)

மூன்றாவதில், சாருக்கு எல்லாம் முன்பே தெரியும், பெருந்தன்மையாக மன்னித்துவிடுகிறார். இது அக்காவுக்கு வசதியான முடிவு. வாசகர்களுக்கும் பிடித்திருக்கும். எனக்கும் சுலபம். எல்லாருக்கும் வசதியாக இருந்ததாலேயே சந்தேகம் வந்து கிழித்தேன். தெரிந்திருந்தால், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நினைவாற்றல் சோதனைக்கு அவர் ஏன் நேரம் வாங்கியிருக்க வேண்டும்? அந்தத் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார். அக்கா தினமும் அதைப் படித்துக்கொண்டுதான் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

7

புதன்கிழமை, முடிவில்லாத இந்த வரைவை அக்காவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். அச்சானால் திரும்ப வாங்க முடியாதில்லையா என்று கேட்டாள். முடியாது, கடை கடையாகப் போய்ப் பொறுக்க முடியாது என்றேன்.

"அப்ப நான் சொல்ற வரைக்கும் அனுப்பாதே. நான் சொல்லலைன்னா அனுப்பவே அனுப்பாதே."

மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். இந்தப் பத்திரிகை இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே அவள் சொல்லிவிட்டாள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை. அவர் வந்து கைப்பையை வைத்து, கதவைப் பூட்டிய சீட்டை ஒட்டுவதற்குள் போய் நின்றாளாம். என்னென்ன சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு நாளையும், வைத்த பெயரையும் சேர்த்துத்தான் சொன்னேன் என்றாள். அவர் கோபப்படவில்லை, சிரிக்கவுமில்லை.

"அந்தப் பக்கத்தை ஒரு தடவை திறந்து காட்டுங்கம்மா" என்று மட்டும் கேட்டார்.

திறந்து காட்டினாள். தன் பெயர் மேல் விரலை வைத்தார். தேதி மேல் வைத்தார். இரண்டு வரியையும் உதடு அசையப் படித்தார். பிறகு மஞ்சள் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உரித்து, அக்காவுக்குத் தெரியாதபடி கையால் மறைத்துக்கொண்டு என்னமோ எழுதினார். ஆனால் திரையில் ஒட்டவில்லை. இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏசியைக் குறைக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் எங்கே இருந்தார் என்று அக்காவுக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்றாள். எழுதவில்லை.

சீட்டில் என்ன இருந்தது என்பது அவளுக்கே தெரியாது. நான் எழுதிப் பார்த்தவை:

'நான்தான் எழுதினேன்.' வேண்டாம்.
'அப்பா, எனக்கு ஒன்றும் இல்லை.' இதுவும் வேண்டாம்.
'இவளை நம்பாதே.' அவர் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன்.

மூன்றையும் தள்ளிவிட்டேன், தள்ளியது தெரியும்படி விட்டிருக்கிறேன். உள்ளங்கை அகலச் சீட்டு அது, ஐந்தாறு வார்த்தைக்கு மேல் இடமில்லை. அவரை உங்களுக்கு இப்போது எனக்குத் தெரிந்த அளவு தெரியும். எழுதுங்கள். எழுதியதை மடித்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.