தௌனோவின் கடைசி வால்ட்ஸ்

அடக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கவுனோடு கிர்சி, நீராவிக் குளியலறையான சௌனாவை ஒட்டிய உடைமாற்றும் அறையில் மண்டியிட்டு, துண்டு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். வீட்டுக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டியை அப்பா அங்கேதான் வைத்திருந்தார். அதன் விளக்கு எரியவில்லை.

"அம்மா, இதை யார் அணைச்சது?"

"நான்தான்," என்றாள் வாசலில் நின்ற ஹெல்வி. "எந்நேரமும் கொர்ருன்னு சத்தம். உங்கப்பா கடைசி மாசம் தூக்கமில்லாம கெடந்தார். அவர்கிட்ட சொல்லல, சொன்னா சண்டைக்கு வருவார்."

அப்பா தௌனோ சாவதற்குச் சில நாள் முன்பு அக்கார்டியனில் தானே கட்டிய வால்ட்ஸ் நடன இசை ஒன்றை வாசித்து, கணினியில் பதிவு செய்திருந்தார். அடக்கம் முடிந்து, தேவாலயக் கூடத்தில் எல்லோரும் காபிக்கு உட்காரும்போது அதைப் போட வேண்டும் என்று ஹெல்வி கேட்டிருந்தாள். அவள் வாய்விட்டு எதையும் கேட்கிறவள் அல்ல.

கிர்சி பெட்டியை இயக்கிவிட்டு அப்பாவின் கணினிக்குத் திரும்பினாள். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருந்தது. 'நம்ம நாட்டுக்காரன் செஞ்சது இருக்கும்போது அடுத்தவன்கிட்ட எதுக்குக் கையேந்தணும்' என்பது அப்பாவின் கட்சி. காலையிலிருந்து பெட்டியைக் காணோம் என்றே முரண்டு பிடித்த திரை, இப்போது கடவுச்சொல்லைக் கேட்டது. அவர் பிடித்ததிலேயே பெரிய மீனின் எடைதான் கடவுச்சொல். ஊருக்கே தெரிந்த ரகசியம் அது.

பெட்டி இணைந்தது. கணினியின் 'இசை' என்ற கோப்புறையில், பெட்டியிலிருந்த பாட்டுகள் வரிசையாக வந்தன. இரண்டைப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் பழசு. வால்ட்ஸ் இல்லை.

தம்பி இல்க்கா கார் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான். "அக்கா, பாதிரியார் நமக்காகக் காத்திருக்க மாட்டார். அப்பா வாசிச்சிருப்பார், சேமிக்க மறந்திருப்பார்."

"சேமிச்சார். நான் பக்கத்துலதான் இருந்தேன்," என்றாள் ஹெல்வி. பிறகு மெதுவாக, "நான் பெட்டியை அணைச்சதுல அழிஞ்சுபோச்சா?"

அம்மா இந்தப் பழியை ஆயுசுக்கும் சுமப்பாள் என்று கிர்சிக்குத் தெரியும்.

"அம்மா, அவர் வாசிச்சப்ப பெட்டி அணைஞ்சிருந்ததா?"

"அதான் சொல்றேனே."

கிர்சிக்குப் புரிந்தது. பெட்டி இல்லாவிட்டாலும் 'இசை' இந்தக் கணினியிலேயே ஒரு வெறும் கோப்புறையாக இருந்திருக்கும். கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டிருக்கும். அப்பா எதையும் கவனித்திருக்க மாட்டார். இப்போது பெட்டியை இணைத்ததும் அதிலுள்ளவை, மேசையில் கிடந்த காகிதத்தின் மேல் விரிப்பைப் போட்டது போல, வால்ட்ஸை மூடிவிட்டன.

"இணைப்பை எடுக்கணும்," என்றாள்.

"இவ்வளவு மல்லுக்கட்டி இப்பத்தானே போட்ட?"

"அதைத்தான் எடுக்கணும்."

எடுக்க முடியாது, யாரோ உபயோகத்தில் வைத்திருக்கிறார்கள் என்றது திரை. பாட்டுப் போட்ட ஜன்னல் இன்னும் திறந்தே கிடந்தது. அதை மூடிவிட்டு மறுபடி தட்டினாள். பழைய பாட்டுகள் எல்லாம் மறைந்தன. கோப்புறையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

முதலில் இருமல். பிறகு அக்கார்டியன். நடுவில் ஒரு இடத்தில் தடுக்கி, திரும்பப் பிடித்துக்கொண்டார். முடிவில் தூரத்திலிருந்து ஹெல்வியின் குரல் கேட்டது. "தௌனோ, காபி ஆறுது. எத்தனை தடவை கூப்பிடறது?"

"அந்தக் கடைசியை வெட்டிடவா?" என்றாள் கிர்சி.

"எதுக்கு? அவர் வெட்டலியே."

அடக்கம் முடிந்து வந்தபோது, கூடத்தில் காபியும் ரொட்டியை அடுக்கிச் செய்த உப்பு கேக்கும் தயாராக இருந்தன. துக்க வீட்டார் போய் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எழுந்திருப்பார்கள். ஆனால் ஹெல்வி தன் நாற்காலியை விட்டு அசையவில்லை. கிர்சி தோளைத் தொட்டதற்கு, "போகலாம், இரு" என்றாள். இல்க்கா கூப்பிட்டுப் பார்த்தான். அவள் காதில் விழாத மாதிரி இருந்தாள். எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கிர்சி போய் வால்ட்ஸைப் போட்டாள்.

அது முடிந்தது. காபி ஆறுது என்று ஹெல்வியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்கள்.

ஹெல்வி கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். மேசைக்குப் போய் ஒரு கோப்பையை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது.