நாற்காலியில் ஓர் ஆள்

என் தம்பி ஓவியன். அழுக்குச் சட்டையை மாற்றுடா என்றால், முதலில் சமூகத்தை மாற்றவேண்டும் என்பான். அப்படி ஒரு பிறவி.

நகராட்சி அலுவலகக் கூடத்தில் மக்கள் சேவையைப் பற்றிச் சுவர் முழுக்க வரையச் சொன்னார்கள். இவன் என்ன செய்தான் தெரியுமா? நீள வரிசை, எதிரே ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் காலி நாற்காலி. அச்சு அசலாக அந்த அலுவலகமேதான். அங்கே அதிகாரி எப்போது பார்த்தாலும் டீக்கடையில்தான் இருப்பார்.

என் தையல்கடை உரிமத்துக்கு அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வாங்காவிட்டால் கடைக்குப் பூட்டு. அவரோ படத்தைப் பார்த்துக் கொதித்துப்போயிருந்தார்.

"நாற்காலியில என்னை வரையச் சொல்லும்மா. அப்புறம் கையெழுத்து."

ஏணிக்கடியில் நின்று கத்தினேன். "டேய், அந்தாளை வரைஞ்சு தொலைடா!"

"படைப்புன்னா உண்மையைச் சொல்லணும்க்கா. ஓவியந்தான் நாட்டை மாத்தும்."

"நாடு மாறுறதுக்குள்ள என் கடையை மூடிடுவாங்க! என்கிட்ட தைக்கிற பொண்ணுங்களுக்கு நீயா சோறு போடுவ?"

மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வரைந்தான். ஆனால் பாவிக்குக் கைவேலை சுத்தம். கையில் பேனா, முகம் நிறையச் சிரிப்பு, "வாங்க, என்ன வேணும்?" என்று கேட்கிற மாதிரியே உட்காரவைத்துவிட்டான். அதிகாரி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, நேரே டீ குடிக்கப் போய்விட்டார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை வரிசையில் நின்றேன். நாற்காலி காலி. எனக்கு முன்னால் நின்ற லாரி டிரைவர் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"சுவத்துல இருக்கிறவர் எவ்வளவு தங்கமான மனுஷன்! அவர்கிட்டயே கேப்போம்ப்பா!"

அவ்வளவுதான். எல்லாரும் சுவரைப் பார்த்துக் காகிதங்களை நீட்டி, "சார், ஒரே ஒரு கையெழுத்து!" என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள். சிரிப்புச் சத்தம் டீக்கடைவரை கேட்டிருக்கவேண்டும், மனுஷன் ஓடிவந்தார். அதற்குப்பிறகு அவர் எழுந்தால் போதும், யாராவது சுவரிடம் கெஞ்சினார்கள். உட்கார்ந்தே கிடந்தார். என் உரிமமும் கைக்கு வந்தது.

ஏணியை எடுத்துப்போகத் தம்பி வந்தான். அதிகாரி ஜன்னல் வழியே அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க சொன்னதுதான் சரி. என்னை அழிச்சிடுங்க. காலியாவே இருக்கட்டும்."

அவன் ஆசைப்பட்ட படம்! மறுகை தன்னால் தூரிகைப் பைக்குள் போயிற்று. அந்நேரம் கையெழுத்து வாங்கிய ஒருவர் விலக, வரிசை ஓர் அடி நகர்ந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேணாம் சார். ஆளு நிக்கிறாங்க, கவனிங்க."

வெளியே வந்ததும் என் தோளில் சாய்ந்துகொண்டான்.

"நான் வரைஞ்சதுலயே மட்டமான படம்க்கா அது" என்று விசும்பினான்.