பிரதம அதிதி வரும்வரை

பரமநாதன் சேர் நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, அவரை எனக்குப் பிடிக்காது என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. குண்டசாலையில் புல் மண்டிக் கிடந்த ஒரு காணியைக் கேட்டு வாங்கி, சீமெந்து போட்டு, இரண்டு பக்கமும் கூடை மாட்டி, கண்டியைச் சுற்றியுள்ள தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துக் கழகம் நடத்துகிறவர் அவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். அவர் தலைவர், நான் கோச். வார நாட்களில் டவுனில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விசிலைக் கழுத்தில் மாட்டினால்தான் எனக்கு உயிரே வரும்.

நல்ல மனுஷர்தான். ஆனால் விழா என்று ஒன்று வந்துவிட்டால் அவருக்குப் புத்தி பேதலித்துவிடும். மேடை, மங்கல விளக்கு, மாலை, பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை என்று எதிலும் குறை வைக்கமாட்டார். பிரதம அதிதி விளக்கேற்றாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். பிள்ளைகள் வெயிலில் காயலாம், அதிதியின் கதிரை மட்டும் நிழலில் இருக்க வேண்டும். இதற்காக நான் அவரோடு போடாத சண்டை இல்லை.

சஞ்சீவனி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. நானும் அதே மலையில் பிறந்தவள்தான், அதனால் எனக்கு அவள்மேல் கொஞ்சம் அதிகமாகவே பாசம் என்று கழகத்தில் கதைப்பார்கள். கதைக்கட்டும். நெடுநெடுவென்ற உயரம். இடது கையாலும் வலது கையாலும் ஒரே மாதிரிக் கூடைக்குள் போடுவாள். வந்த புதிதில் பந்தை உள்ளங்கையால் அறைந்துகொண்டு ஓடுவாள். விரல் நுனியில் பிடி, உள்ளங்கை படவே கூடாது என்று நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பார்த்தால், பஸ்ஸில் தேங்காய் கொண்டுபோகும்போதுகூட அதை விரல் நுனியில்தான் ஏந்தியிருந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வைக்க வழியில்லை என்று அவளுடைய அப்பா கறுப்பையா சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆனால் வேறொரு வழி இருந்தது. டவுனில் பெரிய பெண்கள் பாடசாலை ஒன்றில் விளையாட்டுக்காக ஒரு பிள்ளையைச் சேர்ப்பார்கள். ஹாஸ்டல், சாப்பாடு, உயர்தரப் படிப்பு எல்லாமே கிடைக்கும். அங்கே கூடைப்பந்துக்குப் பொறுப்பாக இருந்தவர் திகனையைச் சேர்ந்த ஸுமைரா டீச்சர். ஒரு காலத்தில் எனக்கு எதிரணியில் ஆடியவர். நான் கெஞ்சிக் கூத்தாடி, எங்கள் ஆண்டு விழாப் போட்டிக்கு வந்து பிள்ளையைப் பார்க்கச் சம்மதிக்க வைத்தேன். மறுநாளே அதிபருக்குப் பெயர் கொடுக்க வேண்டும், கண்ணால் பார்த்த பிள்ளையின் பெயரைத்தான் கொடுப்பேன் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். முந்தின வருஷம் யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பிள்ளையைச் சேர்க்கப்போய், மற்றப் பெற்றோர் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதி மனுஷி பட்ட பாடு எனக்கும் தெரியும்.

இதையெல்லாம் பரமநாதன் சேரிடம் சொன்னேன். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். பிறகு என்ன செய்தார் தெரியுமா? இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையை நாங்கள் கௌரவிக்க வேண்டாமா என்று சொல்லி, பிரதம அதிதியை வாசலில் சந்தனம் கொடுத்து வரவேற்கிற தட்டை அவளிடம் கொடுக்கத் தீர்மானித்தார். இன்னொரு பக்கம் நிற்க, எங்கள் அணியிலேயே ஆடுகிற மதனியைக் கேட்டார். மதனியின் அம்மா லீலாதேவி பிரதேச செயலகத்தில் பெரிய உத்தியோகத்தர். என் பிள்ளை விளையாடத்தான் வருகிறாள், தட்டுத் தூக்க இல்லை என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். சேர் தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டார்.

சஞ்சீவனியின் அம்மா பாப்பம்மாவிடம் கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேருக்குள் தன் மகளையா என்று இரண்டு தடவை கேட்டாள். தன் தோட்டைக் கழற்றி மகளுக்குப் போட்டாள், தெரிந்த வீடொன்றில் பாவாடை தாவணி இரவல் வாங்கினாள். இந்தத் தட்டு வேலை வேண்டாம் பாப்பம்மா என்று நான் சொன்னபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

விழாவன்று பிரதம அதிதி ஒரு புடவைக்கடை முதலாளி. எங்கள் பிள்ளைகளுக்கு ஜேர்சி வாங்கிக் கொடுத்தவர். காலையிலேயே வருவதாகச் சொன்னவர் வெயில் ஏறியும் வந்து சேரவில்லை. ஸுமைரா டீச்சர் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். படுக்கையில் இருக்கிற வாப்பாவைத் தனியே விட்டு வந்திருப்பதால் மத்தியானத்துக்கு முன் திரும்ப வேண்டும் என்று என் காதில் சொன்னார். நான் சேரிடம் ஓடினேன். விளக்கேற்றாமல் போட்டி தொடங்க முடியாது, வேண்டுமானால் பிள்ளைகள் சும்மா பயிற்சி ஆட்டம் ஆடட்டும் என்று அரைமனதாக ஒத்துக்கொண்டார். நான் விசிலை ஊதினேன். பிள்ளைகள் ஆடினார்கள். மதனி அன்றைக்கு நன்றாகவே ஆடினாள், அதை நான் மறைக்கப் போவதில்லை.

சஞ்சீவனி வாசலில் நின்றாள். கையில் தட்டு, தலையில் பூ. பந்து போகிற பக்கமெல்லாம் அவளுடைய கண் போனது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே வாசலுக்குப் போய்த் தட்டைப் பிடுங்கி சேரின் கையில் திணித்தேன்.

"சேர், பிள்ளைய விடுங்க. ஸுமைரா டீச்சர் போகப் போறாங்க."

"இப்ப வந்திடுவார் சர்மிளா. தென்னக்கும்புர பாலம் தாண்டிட்டாராம்." அவர் தட்டைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்தப் பிள்ளையும் போனா வாற மனுசனுக்கு ஆர் முகம் குடுக்கிறது? விளக்கை ஏத்தின கையோட மட்ச்தானே. அவ ஆடுவா, டீச்சர் பார்ப்பா."

சஞ்சீவனி என்னைப் பார்த்தாள், சேரைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். பாப்பம்மா மதில் ஓரமாக நின்று, பெரியவங்க சொல்றாங்கல்ல என்பதுபோல் தலையை அசைத்தாள்.

"கொஞ்ச நேரந்தானே மிஸ். இத முடிச்சிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் பிள்ளை தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

அடி பைத்தியமே என்று வாய்வரை வந்தது. யாரைச் சொல்ல? பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்திதானே. கோர்ட்டுக்குள் நான் நில் என்றால் நிற்பாள், ஓடு என்றால் ஓடுவாள்.

ஸுமைரா டீச்சர் இருக்கக்கூடிய மட்டும் இருந்தார். திகனையிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. கடைசியில் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலால் போனபோது, சஞ்சீவனி பழக்கதோஷத்தில் அவருக்கும் சந்தனத்தட்டை நீட்டினாள். அவர் அவளுடைய கன்னத்தைத் தட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார். தான் பார்க்க வந்த பிள்ளை அவள்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னமோ. அப்போது நான் கோர்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஓடி வருவதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது.

முதலாளி வந்தார். மேளம் இல்லாத குறைதான். சஞ்சீவனி சந்தனம் கொடுத்தாள், குங்குமம் கொடுத்தாள், கற்கண்டு கொடுத்தாள். விளக்கேற்றினார்கள், பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். தன்னலமற்ற பயிற்றுநர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். பின்னேரம் போட்டி நடந்தது. சஞ்சீவனி உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து ஆடினாளே ஓர் ஆட்டம்! அப்படி ஓர் ஆட்டத்தை அந்தக் கோர்ட் கண்டதில்லை. பார்க்க வேண்டிய ஆள்தான் அங்கே இல்லை.

பொன்னாடையை வேண்டுமென்றே பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினேன். கண்டக்டர் ஓடி வந்து கொடுத்துவிட்டுப் போனான். அந்தச் சனியன் இன்னும் என் அலுமாரிக்குள்தான் கிடக்கிறது.

அன்றிரவே ஸுமைரா டீச்சருக்குப் போன் எடுத்தேன். அழாத குறையாகக் கேட்டேன். அவருக்கும் மனசு சங்கடம்தான்.

"நான் கண்டதத்தான் எழுத ஏலும் சர்மிளா. காணாதத எப்படி எழுதுற?"

மதனியின் பெயரை எழுதினார். ஹாஸ்டல் தேவையில்லாத பிள்ளை, எந்தப் பாடசாலைக்குப் போனாலும் படித்து முன்னுக்கு வரக்கூடிய பிள்ளை. பாவம், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. லீலாதேவிமேலும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல அந்த மனுஷிக்கு வாய் இருந்தது. பாப்பம்மாவுக்கு அந்த வாயை யார் கொடுத்தார்கள்?

அதற்குப் பிறகு சஞ்சீவனி பயிற்சிக்கு வரவில்லை. சுகமில்லையோ என்று பதறி ஹந்தானைக்குப் போனேன். பாப்பம்மா வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். சுவரில் புதிதாகச் சட்டம் போட்ட படம் ஒன்று தொங்கியது. முதலாளிக்கு மகள் சந்தனம் கொடுக்கிற படம். அந்தப் பிள்ளை சந்தனம் கொடுக்கிற பாங்கு தனக்குப் பிடித்துவிட்டதாகவும், தன் கடையில் வேலை தருவதாகவும் முதலாளி சேரிடம் சொல்லி அனுப்பினாராம். நீங்க எல்லாம் சேந்துதான் எம்புள்ளைக்கு வழி காட்டினீங்க என்று பாப்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தந்த தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த கழகக் கூட்டத்தில் பரமநாதன் சேர் எழும்பி, இந்த வருஷம் ஒரு பிள்ளைக்குப் பெரிய பாடசாலையில் அனுமதி, இன்னொரு பிள்ளைக்கு உத்தியோகம் என்று பெருமையோடு அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மனுஷர் அதை மனமார நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

போகக் கூடாது, போகக் கூடாது என்று இருந்தும் ஒரு நாள் வேலை முடிந்து அந்தப் புடவைக்கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், கடைக்காரர்கள் கொடுத்த சேலையில் நின்றாள். வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து நின்றால் கால் வலிக்காதா என்று கேட்டேன். பழகிவிட்டது என்றாள். என் பார்வை அவளுடைய கைக்குப் போனது. கனமான பித்தளைத் தட்டு. அதை விரல் நுனிகளில் ஏந்தியிருந்தாள். உள்ளங்கை படவில்லை.

நான் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான் மிஸ். உள்ளங்கையில வச்சா வேர்த்து வழுக்குது. மத்தப் புள்ளைங்க எல்லாம் கீழ போட்டுட்டு ஏச்சு வாங்குதுங்க, நான் மட்டும் ஒருக்காவும் போட்டதில்ல."

எனக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. நான் சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு வழிவிட்டேன்.