மூன்று முழம் இறங்கிய வாசல்

எர்ணாவூர் வாரியக் குடியிருப்பின் தரைத்தளத்தில், எழில்மொழி வீட்டு வாசல் ஆகஸ்ட் ஆறாம் தேதி காலையில் ஒரு முழம் குட்டையாகியிருந்தது. அன்று காசிமேட்டு மீன் சந்தையில் வஞ்சிரம் கிலோ தொள்ளாயிரம். சுவர் விரியவில்லை, காரை உதிரவில்லை. நிலையும் கதவும் சேர்ந்தே இறங்கியிருந்தன. வாடகை ஆட்டோவை எடுக்கக் கிளம்பியவளுக்கு நெற்றியில் இடித்த பிறகுதான் தெரிந்தது. எதிர்வீட்டுக் கார்குழலி வாயில் பிரஷ்ஷோடு வந்து பார்த்தாள்.

"இன்னாடி, டியூ வுட்டுட்டியா?"

"எனக்கு ஏதுக்கா டியூ?"

"வாசல் சும்மாவா எறங்கும்? நல்லா யோசி."

யோசித்தாள். ராயபுரத்துத் தோழி ஜெரினா தவணையில் ஃபிரிட்ஜ் வாங்க, எழில்மொழி தன் ஆதாரையும் பான் கார்டையும் கொடுத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் யாரும் அதைக் கடனென்று நினைப்பதில்லை. மழைக்குக் குடை கொடுப்பதுபோலப் பேரையும் கொடுத்துவிடுவார்கள். ஜெரினா தைத்துக்கொண்டிருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். தவணை கட்டப் பணமில்லை, சொல்ல வாயும் வரவில்லை, போனை அணைத்துவிட்டாள். "ஃபிரிட்ஜ் அவ வூட்ல கீது, டியூ மட்டும் நான் கட்டணுமா?" என்று எழில்மொழியும் வீம்பாக இருந்தாள். செப்டம்பரில் ஒரு முழம் இறங்கியது, அக்டோபரில் இன்னொரு முழம். அப்புறம் தவழ்ந்துதான் வீட்டுக்குள் போக முடிந்தது.

அதே அக்டோபரில் அவள் சொந்த ஆட்டோவுக்கு வங்கியில் கடன் கேட்டிருந்தாள். ஆறு வருஷமாக ஆட்டோவின் சொந்தக்காரருக்குத் தினம் நானூறு ரூபாய் வாடகை கொடுத்தவள். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சிபில் ஸ்கோர் ஐந்நூத்தி முப்பதும்மா. கடன் உங்க பேர்லதான இருக்கு? பாக்கிய முடிச்சிட்டு, ரெண்டு வருஷம் தேதி தவறாம கட்டிக் காட்டுங்க."

வசூலுக்கு வந்தவர் வாசலில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் அவளிடம் பேசினார். "பாதி கட்டு தாயி, செட்டில்மென்ட் போட்டு முடிச்சுடலாம்."

கார்குழலி எதிரிலிருந்து கத்தினாள்: "வாணாம்டி! ரெண்டாம் மாடி லட்சுமணன் அப்படித்தான் பாதி கட்டுனாரு. அஞ்சு வருசமா குனிஞ்சிகினே போறாரு, வாசல் அசையவேயில்ல!"

எழில்மொழி சீட்டுப் பணத்தை எடுத்து அபராதத்தோடு முழுசாகக் கட்டினாள். வந்து கதவை எட்டி உதைத்தாள். "கட்டிட்டேன்ல, ஏறு!" ஏறவில்லை. இறங்கும்போது முழக் கணக்கில் இறங்கிய வாசல், ஏறும்போது விரல் கணக்கில்தான் ஏறியது. தெருமுனைக் கடையில் கூடுதல் வட்டிக்கு ஒரு மிக்ஸி எடுத்தாள். ஐந்தாம் தேதித் தவணையை மூன்றாம் தேதியே கட்டினாள். நாலு விரல் உயர்ந்தது. மிக்ஸி முடிந்ததும் தையல் மெஷின். மாதம் நாலு விரல். ஒரு தீபாவளிக்குக் காய்ச்சலோடு போய்க் கட்டினாள். ஜெரினா ஒருநாள் ஐந்நூறு ரூபாயோடு வந்தாள். யாரும் சொல்லாமலே மண்டியிட்டாள்.

"உள்ள வர மூஞ்சி இல்லடி எனக்கு."

"மூஞ்சிய அப்பால பாத்துக்கலாம், முட்டியப் பாத்து வா."

அன்றிலிருந்து மாதம் ஐந்நூறு கொடுத்து ஜெரினா தன் பங்கை முடித்தாள். இரண்டு வருஷத்தில் வாசல் பழைய உயரத்தைத் தாண்டி எட்டடிக்குப் போனது. அகலமும் கூடவே விரிந்தது, யாரும் தடுக்கவில்லை. வங்கியிலிருந்து விசாரணைக்கு வந்தவர் நிமிர்ந்து உள்ளே நடந்தார், நிமிர்ந்தே வெளியே வந்தார். ஸ்கோர் எழுநூத்தி எழுபது என்றார். முன்பு கடன் கேட்டுப் போன லட்சுமணனுக்கு அதே வங்கி சொன்னதைவிட இரண்டு சதவீதம் குறைந்த வட்டியில் கடன் வந்தது.

மாலை போட்ட மஞ்சள் ஆட்டோவை எழில்மொழி தெருவில் நிறுத்தவில்லை. ஹாரன் அடித்தபடி நேராக வாசலுக்குள் ஓட்டிப்போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பிளாக் முழுக்க விசிலடித்தது. "தலைய இடிச்சிக்காதடி!" என்று கார்குழலி சிரித்தாள், அழுதாள். மறுவாரம் வாரியத்து இன்ஜினியர் வந்து டேப்பு வைத்து அளந்தார். உயரம் எட்டடி, அகலம் ஐந்தடி, ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து திருவொற்றியூருக்கு விடச் சொன்னார். எண்பது ரூபாய் கொடுத்தார்.