வேறு வண்டியின் ஆக்ஸில்

ஊரில் ஓடுகிற பிக்கப் வண்டிகளுக்கெல்லாம் உயிர் கொடுத்த மெக்கானிக்கின் சொந்த வண்டி, பின் சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில் வளைந்துபோய் இரண்டு வருடமாகக் கல் மேல் நின்றது. நாளைக்குப் பார்க்கலாம் என்பார். அந்த நாளை மட்டும் வரவே இல்லை. பொறுத்துப் பார்த்த மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய் ஆறு மாதமாகிறது. இப்போது வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். அண்ணன் குடும்பத்தோடு வேறு ஊருக்கு மாறிப் போகிறாராம். சனிக்கிழமை பன்னிரண்டேகால் ரயிலாம். "பன்னெண்டு மணிக்குள்ள நம்ம வண்டியில வந்தா உங்ககூட வரேன். இல்லன்னா அவங்களோட போயிடுவேன்" என்றாள். பஸ்ஸில் வந்தால் செல்லாது என்பது சொல்லாமலே அவருக்குப் புரிந்தது.

அதே ஆக்ஸில் எங்கும் கிடைக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் இருந்தது வேறு கம்பெனி வண்டியுடையது. மூன்று நாள் ஒண்டியாக மல்லுக்கட்டினார். ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தை வெட்டி நகர்த்தி வெல்டிங் வைத்தார், பிரேக் குழாயை வளைத்துச் சேர்த்தார். ஒன்றை மட்டும் விட்டார். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் இன்ஜின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். ஒருவர் சுற்ற, இன்னொருவர் எண்ணுகிற வேலை அது. இன்னொருவருக்கு எங்கே போவது? எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் வாய் கிழியத் திட்டியிருப்பார்.

அண்ணன் வீட்டுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர். சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குக் கிளம்பி மீட்டரில் அறுபதிலேயே ஓட்டினார். இன்ஜின் கொஞ்சம் கத்தியது, ரொம்ப நாள் நின்ற வண்டி என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பதினொன்றேகாலுக்கு அவளைக் கூப்பிட்டு, அரை மணியில் வந்துவிடுவேன் என்றார். அரை மணி கழித்து மீட்டர் நூற்றைம்பதைத் தொட்டது. ரோட்டோரக் கல்லோ இன்னும் முப்பது என்றது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கரத்தின் பல் கணக்கு வேறு. ஷாஃப்ட் நாலு சுற்று சுற்ற வேண்டிய இடத்தில் ஐந்து சுற்றுகிறது. மீட்டர் எண்ணுவது ஷாஃப்டை. அது அறுபது காட்டினால் வண்டி ஓடுவது நாற்பத்தெட்டுதான். மறுபடி கூப்பிட்டு, இன்னும் அரை மணி என்றார். அவள் சரி என்று மட்டும் சொன்னாள்.

மிதித்தும் இன்ஜின் அதற்கு மேல் இழுக்கவில்லை, ஊருக்குள் நெரிசல் வேறு. போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. கேட்டில் பூட்டுத் தொங்கியது. வண்டியை அணைக்காமலே கூப்பிட்டார். அந்தப் பக்கம் ரயில் ஓடுகிற சத்தம். நான் பொய் சொல்லவில்லை என்று ஆரம்பித்து, ஷாஃப்ட், பல், மீட்டர் என்று மூச்சுவிடாமல் சொன்னார். எல்லாம் கேட்டபிறகு அவள் சொன்னாள்:

"இத்தனை வருஷத்துல உங்க வேலையைப் பத்தி என்கிட்ட இவ்வளவு பேசினதே இல்ல."

ஃபோனை வைத்துவிடட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம். சிக்னல் இருக்கற வரைக்கும் சொல்லுங்க" என்றாள்.