இருபத்தொரு நாள் காவல்

உகாண்டாவில் இரண்டு வருஷம் போர்வெல் வண்டியில் வேலை பார்த்துவிட்டு சக்கரபாணி திண்டிவனம் வந்து இறங்கிய வாரத்தில்தான், டிவியில் எபோலா எபோலா என்று காட்ட ஆரம்பித்தார்கள். அந்த நாட்டில் ஆள் செத்துப்போயிருக்கிறார், இங்கேயும் வந்துவிடுமோ என்று நாலு பேர் உட்கார்ந்து கத்தினார்கள்.

வந்த அன்று முதல் ஆளாக ஓடிவந்து சக்கரபாணியைக் கட்டிப்பிடித்தவர் எதிர்வீட்டு மாசிலாமணிதான். இப்போது மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார்.

"புனிதா, தப்பா நெனைக்காத. அந்த நோவு தெரிய இருபத்தொரு நாள் வரைக்கும் ஆவுமாம். அதுவரைக்கும் அவரு வெளிய வர வேணாம். நாங்க புள்ளகுட்டிக்காரங்க."

"நானும் புள்ளகுட்டிக்காரிதாண்ணா. எம் பொண்ணு அவரு மடியிலதான் ஒக்காந்துக்கினு இருக்குது," என்றாள் சக்கரபாணியின் மனைவி புனிதா.

சுகாதார நர்ஸ் கலைப்பிரியா தினமும் காலையில் காய்ச்சல் பார்க்க வந்தாள். "அவரு நோயாளி யாரையும் தொடல. காய்ச்சல் இல்லாதவரைக்கும் யாருக்கும் பரவாது. பயப்படாதீங்க," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். ஆனாலும் அவள் வெளியே வந்ததும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல ஒரு கூட்டம் கேட்கும்: "இன்னிக்கு எவ்ளோ?"

"தொண்ணூத்தெட்டு."

"அப்பாடா!"

பதிமூன்றாம் நாள் மத்தியானம் சக்கரபாணிக்குக் குளிரெடுத்தது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிடுகிடுவென்று அடித்தது. புனிதா நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. யாருக்கும் சொல்லாமல் ஒரு மாத்திரை கொடுத்துப் பார்ப்போமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். அடுத்த அறையில் மகள் தனக்குத்தானே பேசிக்கொண்டு விளையாடும் சத்தம் கேட்டது. கலைப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

"அவரக் காப்பாத்துங்க மேடம்," என்றாள்.

உடம்பு முழுக்க வெள்ளை உடை மாட்டிய ஆட்கள் ஆம்புலன்சில் வந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். தெருவே மொட்டைமாடியில் நின்று பார்த்தது. பின்கதவு மூடும்போது சக்கரபாணி கையைத் தூக்கி ஆட்டினான். புனிதாவால் கிட்டே போகக்கூட முடியவில்லை. அவன் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வரும்வரை அவளும் மகளும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது.

சாயங்காலம் மாசிலாமணி கலைப்பிரியாவைத் துரத்திப் பிடித்தார். "எனக்கும் ஒடம்பு சுடுது மேடம். நான் அவர கட்டிப்பிடிச்சிட்டேனே!"

"அன்னிக்கு அவருக்குக் காய்ச்சலே இல்லியேண்ணா." பார்த்தாள். "தொண்ணூத்தெட்டு."

"இன்னொரு தரம் பாருங்க."

நாலு தரம் பார்த்தும் அதேதான் வந்தது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்தார். ஜன்னலில் புனிதா நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் சாப்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

ஆம்புலன்ஸ் போனதிலிருந்து அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு இட்லிப் பொட்டலம் கேட்டில் தொங்கியது. மறுநாளும் தொங்கியது.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. சக்கரபாணியேதான் பேசினான். "புனிதா, அது இல்லியாம். மலேரியாவாம்! மாத்திர குடுத்துக்கினு இருக்காங்க."

புனிதா வாசலுக்கு ஓடினாள். "மலேரியா! மலேரியாதானாம்!"

"நெசமாவா?" மாசிலாமணி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கி வீடுவீடாகக் கொடுத்தார். மலேரியாவுக்கு இனிப்பு கொடுத்த தெரு உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கலைப்பிரியா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "மலேரியாவும் ஆளக் கொல்ற வியாதிதாங்க! கொசு கடிச்சா உங்களுக்கும் வரும். ஜல்தியா தேங்கின தண்ணியெல்லாம் கொட்டுங்க!"

வாயில் ஜாங்கிரியோடு தெருவே டிரம்மையும் பழைய டயரையும் கவிழ்த்தது.

ஐந்து நாள் கழித்துப் புனிதா முண்டியம்பாக்கம் போய்க் கணவனை அழைத்துவந்தாள். பஸ்சில் சக்கரபாணி சோர்ந்துபோய் அவள் தோளில் சாய்ந்து தூங்கினான். கண்டக்டர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஒடம்பு முடியலியா?" என்று கேட்டார்.

"முடியாமதாண்ணா இருந்தாரு. இப்ப நல்லாயிட்டாரு. திண்டிவனம் ரெண்டு," என்றாள் புனிதா.