ஒரு சீட்டுக்கு ஒரு பை ரத்தம்

நகரசபையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பிரார்த்தனையார்' என்றுதான் சொல்வார்கள். பதினொரு வருடமாக எந்தக் கூட்டமும் அவருடைய பிரார்த்தனை இல்லாமல் தொடங்கியதில்லை. சாக்கடை அடைப்பைப் பற்றிய கூட்டமானாலும் சரி, பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போடுவதைப் பற்றிய கூட்டமானாலும் சரி, எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, கண்ணை மூடிக் கடவுளை அழைத்துவிடுவார். மூன்று நிமிடம். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. "உன்னை நம்பினவனுக்குப் பயம் ஏது?" என்று கணீரென்று முடிப்பார். பிழைப்புக்கு அவர் டயர்க்கடை வைத்திருந்தார். கடைப் பலகையிலும் அதே வாக்கியம்தான். பஞ்சரான வண்டியை மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது ஆறுதலா, குத்தலா என்று விளங்காது.

எதிர் வரிசையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உட்கார்ந்திருப்பார். ரசாயனம் சொல்லிக்கொடுப்பவர், அதனால் 'கெமிஸ்ட்ரி'. கடவுள் நம்பிக்கை கிடையாது. பிரார்த்தனை நடக்கும்போது எழுந்திருக்க மாட்டார்; கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததும், "மூணு நிமிஷம் நாலு செகண்டு. மக்களோட நேரம்" என்று பொதுவாகச் சொல்லி வைப்பார். இருவருக்கும் பகை என்று சொல்ல முடியாது. பதினொரு வருடம் ஒரே ஆளோடு சண்டை போட்டால் அது ஒருவிதச் சொந்தமாகிவிடுகிறது.

பிரார்த்தனையாருக்குக் கடவுளுக்கு அடுத்தபடி பைத்தியம் கிளாரினெட். அதுவும் ஒரே ஒரு அம்மா வாசிக்கும் கிளாரினெட். அவர் வாசித்த இசைத்தட்டு எதுவும் இவரிடம் கிடையாது. "பதிவு பண்ணதுல தப்பு வராது. தப்பு வராத இடத்துல எனக்கு என்ன வேலை?" என்பார். எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த அம்மா மேல்ஸ்தாயிக்கு ஏறும்போது இப்போது பிசிறிவிடுமோ, இப்போது மூச்சு முட்டிவிடுமோ என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட வேண்டும். பிசிறாமல் போய்ச் சேர்ந்ததும் சபை முழுக்க ஒரே சமயத்தில் மூச்சு விடும் பாருங்கள், அதற்காகத்தான் இசை என்பது அவருடைய கட்சி.

அந்த அம்மா ஒன்பது வருடம் கழித்து ஊருக்கு வருகிறார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ரத்த வங்கிக்காகக் கச்சேரி. காசுக்கு டிக்கெட் இல்லை. ஒரு பை ரத்தம் கொடுத்தால் ஒரு சீட்டு.

கடிதத்தை நகரசபைத் தலைவி வாசித்து முடிப்பதற்குள் பிரார்த்தனையார் எழுந்துவிட்டார். 'கிளாரினெட்' என்ற சொல் காதில் விழுந்ததும் மற்ற சொற்கள் விழவில்லை என்று பிறகு மனைவியிடம் சத்தியம் செய்தார்.

"முதல் ஆள் நான்தான்!" என்று முழங்கினார். "உன்னை நம்பினவனுக்குப் பயம் ஏது?"

சபை கைதட்டியது. கெமிஸ்ட்ரியும் எழுந்தார். "அப்ப ரெண்டாவது ஆள் நான். பயமில்லாம இருக்கறதுக்குக் கடவுள் வேணும்னு அவசியமில்லைன்னு காட்டணும்ல."

அதற்கும் கைதட்டினார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் இரண்டையும் எழுதிக்கொண்டார். பிரார்த்தனையார் உட்கார்ந்து, கடிதத்தை வாங்கி முதலிலிருந்து படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

ஏனென்றால் அவருக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். இரண்டு வருடத்துக்கு முன் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில், ஊசி இவர் கைக்கு வரவேயில்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்குக் குத்தியதைப் பார்த்தே இவர் சரிந்துவிட்டார். அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர்தான் இவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்தார். இந்தக் கதை வெளியே வராமல் காத்து வந்தவர் அவருடைய மனைவி ஒருவர்தான்.

"வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டீங்களா?" என்றார் மனைவி, சிரிப்பை அடக்க முடியாமல். "வயித்து வலின்னு சொல்லிடுங்களேன்."

"பேப்பர்ல வந்துடுச்சு."

"அப்ப வேண்டிக்கங்க. அதுதானே உங்க தொழில்."

கச்சேரி அன்று காலை, ஆஸ்பத்திரி வாசலில் வரிசை சாலை வரை நீண்டிருந்தது. பிரார்த்தனையாருக்கு வழிவிட்டார்கள். "முதல் ஆள் வந்துட்டார்" என்று யாரோ சொன்னார்கள். வழிவிடாமல் இருந்திருந்தால் இவர் மதியம்வரை நிம்மதியாக நின்றிருப்பார். மனைவி ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பார்ப்பவர்களுக்கு அது பாசம். பின்னாலேயே கெமிஸ்ட்ரி, முழுக்கைச் சட்டையை ஏற்கெனவே மடித்துவிட்டுக்கொண்டு.

உள்ளே முதல் மேசையில் ரத்த வங்கியின் சிஸ்டர். வெடுக்கென்று பேசுபவர். அவர் முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் நீல நிறத்தில் ஏதோ திரவம்.

"விரலைக் காட்டுங்க. ஒரு சொட்டு எடுத்து இதுல விடுவேன். மூழ்கினா ரத்தத்துல சத்து இருக்கு, கட்டிலுக்குப் போகலாம். மிதந்தா வீட்டுக்குப் போகலாம்."

"மயில்துத்தக் கரைசல், காப்பர் சல்பேட்" என்று பின்னாலிருந்து கெமிஸ்ட்ரி விளக்கினார். "எல்லாம் அடர்த்திக் கணக்கு."

பிரார்த்தனையார் கண்ணை இறுக்கி மூடினார். பதினொரு வருடமாகச் சொல்லிவந்த மூன்று நிமிடப் பிரார்த்தனையில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. 'சாமி, மிதக்கணும். மிதந்துடணும் சாமி. இன்னிக்கு ஒரு தடவை' என்றுதான் உள்ளே ஓடிற்று. விரலில் எறும்பு கடித்த மாதிரி ஒன்று. ஆள் ஒரு பக்கம் சாய்ந்தார். மனைவி முழங்கையால் முட்டுக் கொடுத்தார்.

கண்ணைத் திறந்தபோது, சிவப்புத் துளி நீலத்துக்குள் கொஞ்ச தூரம் இறங்கி, நின்று, யோசித்துவிட்டு, மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது.

சிஸ்டர் இன்னொரு துளி விட்டுப் பார்த்தார். அதுவும் மேலே வந்தது. "என்ன சார், ஆள் பார்க்க இவ்வளவு வாட்டசாட்டமா இருக்கீங்க, உள்ளே வெறும் தண்ணியா இருக்கே! உங்ககிட்ட ஒரு பை எடுத்தா திரும்ப உங்களுக்கே ஏத்தணும். போய் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க."

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனை வருடமாக எத்தனை கேட்டிருக்கிறார்! மழை கேட்டார், வந்ததில்லை. சாலைக்கு நிதி கேட்டார், வந்ததில்லை. இன்றைக்கு, முதல் தடவையாக, கேட்ட வாயை மூடுவதற்குள் கிடைத்துவிட்டது. கடவுள் இருக்கிறார் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டுமா? ஆனால் இந்தச் சாட்சியை எந்த மேடையில் ஏறிச் சொல்வது?

"சார், உங்க முகத்துல ஒரு சந்தோஷம் தெரியுதே" என்றார் கெமிஸ்ட்ரி.

"சந்தோஷமா? வருத்தம். ரொம்ப வருத்தம்."

வருத்தம் நிஜமாகவே அடுத்த நிமிடம் வந்தது. ரத்தம் இல்லையென்றால் சீட்டும் இல்லை என்றார் சிஸ்டர். "எழுதிப் போட்டிருக்கு பாருங்க. உங்களுக்குப் பதிலா யாராவது குடுத்தா, குடுத்தவங்களுக்குத்தான் சீட்டு."

"என்கிட்ட எடுங்க" என்று மனைவி விரலை நீட்டினார். அவருடைய துளி கல்லைப் போட்டது மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. இசை என்றாலே "ஒரே ஊதல்" என்று காதைப் பொத்திக்கொள்பவர் அவர். கால் மணி நேரத்தில் கையில் பஞ்சும் மூன்றாவது வரிசைச் சீட்டுமாக வெளியே வந்தார். அதைக் கணவரிடம் நீட்டினார். இவர் கையும் நீண்டது. சிஸ்டர் மேசையிலிருந்தே, "அம்மா, அது உங்க பேர்ல இருக்கு" என்றார். நீண்ட கை சட்டைப்பைக்குள் போய்விட்டது.

அவர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். அதற்குள் கட்டில் அறையிலிருந்து கெமிஸ்ட்ரியின் குரல் கேட்டது. "சார், ஒரு நிமிஷம் இங்க வர முடியுமா?"

கெமிஸ்ட்ரி மல்லாந்து படுத்திருந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஊசி இன்னும் தட்டில்தான் இருந்தது.

"எனக்கு அடர்த்தி சரியா இருந்துடுச்சு" என்றார், சாவுச் செய்தி சொல்வது போல. "கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

"என்ன பேசறது? எனக்குப் பிரார்த்தனைதான் தெரியும்."

"அதையே சொல்லுங்க. வெளியே மட்டும் சொல்லிடாதீங்க."

பிரார்த்தனையார் ஊசி இருந்த பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று நிமிடப் பிரார்த்தனையைத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார். பயந்து கிடப்பவரிடம் 'பயம் ஏது' என்று சொல்ல நா கூசியது.

"வாத்தியாரே, உண்மையைச் சொல்லிடறேன். அந்தச் சொட்டு மிதக்கணும்னு நான்தான் வேண்டிக்கிட்டேன். எனக்கு ஊசின்னா உசிரு போயிடும்."

கெமிஸ்ட்ரி சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "ஆடாதீங்க சார்!" என்று அதட்டினார் சிஸ்டர். "ஊசி ஏறி ரெண்டு நிமிஷமாச்சு."

"எப்ப?" என்றார்கள் இருவரும்.

சிஸ்டருக்கு ஆள் தரம் தெரியும். பிரார்த்தனையாருக்கு ஒரு முக்காலியைப் போட்டுக் கொடுத்தார். பயந்தவர்கள் எல்லோரையும் அவர் பக்கத்துக் கட்டிலுக்கு அனுப்பினார். லாரி ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். மலைப்பாதையில் கண்ணசராமல் ஓட்டுபவர், இங்கே குழந்தை மாதிரி விசும்பினார். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண், வருங்கால மாமியார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பிரார்த்தனையார் ஒவ்வொருவரிடமும் தன் மயக்கக் கதையைச் சொன்னார். பக்கத்து நாற்காலிக்காரர் தண்ணீர் தெளித்த கட்டத்தை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்க அந்தக் கதை தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் பொத்திவைத்த மானம் ஒரே நாளில் போனதில் அவருக்கு உடம்பு லேசானது மாதிரி இருந்தது.

ஐந்து மணிக்குக் கச்சேரி. அரங்கம் கட்டடத்தின் அந்தக் கோடியில். முக்காலியில் இருந்த இவருக்கு, யாராவது கதவைத் திறக்கும்போது மட்டும் ஒரு இழை வரும், கதவு மூடினால் அறுந்துபோகும். அவருடைய மனைவி மூன்றாவது வரிசையில், ரத்தம் கொடுத்த அசதியில், இரண்டாவது உருப்படியிலேயே தூங்கிவிட்டார் என்று பின்னால் தெரியவந்தது.

ஏழு மணிக்குக் கடைசிக் கட்டிலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது ஒரு நடுவயது அம்மா உள்ளே வந்தார். கையில் கறுப்புப் பெட்டி. பிரார்த்தனையார் எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது.

"நானும் குடுக்கறேன்னு சொல்லியிருந்தேன்" என்றார் கிளாரினெட் அம்மா. "கச்சேரி முடிஞ்சு எடுத்துக்கலாம்னாங்க. இங்க கையைப் பிடிச்சுக்கறவர் ஒருத்தர் இருக்காராமே?"

"பயமாம்மா?" என்றார் இவர்.

"ரொம்ப. மேடையில கூட எனக்கு இப்படி வராது."

படுத்தார். துளி மூழ்கியிருந்தது, ஊசி வந்தது. பிரார்த்தனையார் எத்தனையோ வருடம் தூரத்திலிருந்து பார்த்த விரல்கள் இப்போது அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். அன்று முழுவதும் பேசிய வாய், அந்த நேரம் பார்த்து அடைத்துப்போயிற்று.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, பயத்தை ஓட்ட, தனக்குத்தானே முனக ஆரம்பித்தார். கச்சேரியில் கடைசியாக வாசித்த மெட்டு. மேலே ஏறும் இடம் வந்தது. ஊசி ஏறவும் குரல் பிசிறி, உடைந்து, "ஸ்ஸ்" என்று நின்றுவிட்டது. பிரார்த்தனையாரும் மூச்சைப் பிடித்தார். அந்த அம்மா மறுபடி கீழேயிருந்து தொடங்கி, தட்டுத் தடுமாறி, அந்த இடத்தைப் பிடித்தார். சிஸ்டர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைக்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.

"கச்சேரியில இதைச் சரியா வாசிச்சேன்" என்றார் அந்த அம்மா, வெட்கத்தோடு.

"இருக்கட்டும்மா. இதுதான் வேணும்" என்றார் அவர். இருவரும் மூச்சு விட்டார்கள்.

திங்கட்கிழமை நகரசபையில் ஒரு உறுப்பினர் குறும்பாகக் கேட்டார். "முதல் ஆள்னு சொன்னீங்களே, உங்க பேர் பட்டியல்ல இல்லையே?"

கெமிஸ்ட்ரி குறுக்கே புகுந்தார். "சத்துக் குறைவு. மருத்துவக் காரணம். அதை விடுங்க."

"வாத்தியாரே, உட்காருங்க" என்றார் பிரார்த்தனையார். எழுந்தார். கண்ணை மூடவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னார், 'மிதக்கணும் சாமி' என்று வேண்டிக்கொண்டதுவரை. சபை விழுந்து விழுந்து சிரித்தது. தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்திரிகைக்காரர் எழுதிய வேகத்தில் பேனா முனை மடங்கியது.

"எனக்கு நம்பிக்கை இருக்கு. பயமும் இருக்கு" என்று முடித்தார். "ரெண்டும் ஒரே வீட்டுலதான் குடியிருக்கு. இத்தனை நாளா ஒண்ணை மட்டும் வாசலுக்கு அனுப்பிட்டிருந்தேன்."

மறுநாள் காலையில் அவர் கடையைத் திறக்கும்போது ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். யார் கையிலும் பஞ்சரான வண்டி இல்லை. மூன்று மாதம் கழித்து நடக்கப்போகும் அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுக்க வந்தவர்கள். கையைப் பிடித்துக்கொள்ள அவர் வருவாரா என்று உறுதி கேட்டார்கள்.

"வர்றேன். ஆனா அன்னிக்கு எனக்கும் குத்துவாங்க" என்றார். "என் கையைப் பிடிக்க ஆள் வேணும்."

"அதுக்குக் கெமிஸ்ட்ரி சார் பேர் குடுத்துட்டாரே" என்றார் லாரிக்காரர்.